பழைய கேம் கேசட்டை விற்பதற்கு முன் திறந்து பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்து வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பழைய டீவி கேம் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன்மார் புறக்கோட்டையில் வாங்கி வந்தவை சில. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அம்மாமார் பிள்ளைகளுக்காகக் கொண்டு வந்தவை சில. என் ரிப்பேர் கடைக்கு இவற்றைக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இது பழைய இரும்புக்காரருக்குப் போடும் சாமான் என்கிறார்கள். மீதிப் பேர் இலட்சக்கணக்கில் எதிர்பார்க்கிறார்கள்.

இலட்சக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2021இல் அமெரிக்காவில் ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அது உறை பிரிக்காத பெட்டி, தரப்படுத்தலில் 10க்கு 9.8 பெற்றது. அந்த கேம் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. பெட்டியில்லாமல், விளையாடித் தேய்ந்த கேசட்டுக்கு அந்த விலையைச் சொன்னால் வாங்க ஆள் வராது.

நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி, 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகொம் என்ற டீவி கேம் பெட்டியின் நகல்களுக்கான, 60 பின்கள் (உலோகத் தொடுமுனைகள்) கொண்ட கேசட்டுகள். லேபிளில் ‘9999999 இன் 1’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நகல்தான். பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமானதைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் சர்க்கிட் பலகையில் கறுப்புப் பசைத்துளி மட்டும் உறைந்து கிடந்தால் பெரும்பாலும் நகல். கால்கள் வைத்த செவ்வகச் சிப்பும், பலகையில் தெளிவாக அச்சிட்ட நின்டெண்டோ பெயரும் நல்ல அறிகுறி. நின்டெண்டோவின் கையடக்கக் கேம் பெட்டியான கேம்போயின் பழைய கேசட்டில் உள்ள திருகாணிக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது, அதற்கென்றே உள்ள 3.8 மில்லிமீற்றர் பிட் (ஸ்க்ரூடிரைவர் முனை) வேண்டும். கத்தியால் நெம்பி கேசட்டின் மூடியை உடைத்தால் விலையும் அதோடு போய்விடும்.

அண்மையில் டிக்கோயாவிலிருந்து ஒரு தம்பி ‘பொக்கிமொன் சில்வர்’ என்ற கேம்போய் கேசட்டைக் கொண்டு வந்தார். “அண்ணே, இது செத்துப்போன கேசட்டாம், ஐந்நூறு ரூபா தாறேன்னு ஒருத்தர் கேக்குறார்” என்றார். திறந்தால் அசல் பலகை. சிஆர்2025 பட்டரியின் தகட்டோரம் லேசாகப் பச்சை பூத்திருந்தது. மீற்றரை வைத்தேன், 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. கேம் எழுதப்பட்டிருப்பது ரொம் சிப்பில். அதற்குப் பட்டரி தேவையே இல்லை. விளையாடிய இடத்தைச் சேமிக்கும் நினைவகமும், கேமுக்குள் ஓடும் கடிகாரமும்தான் பட்டரியை நம்பியிருக்கின்றன. கடிகாரம் இருப்பதால் ‘கோல்ட்’, ‘சில்வர்’ இரண்டிலும் பட்டரி சீக்கிரம் தீரும். புதுப் பட்டரி போட்டதும் அது முன்போலச் சேமித்தது. தம்பி அதை விற்கவில்லை.

பட்டரி மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். தகடு பொருத்தியே விற்கிற பட்டரியை வாங்குங்கள். பழையதில் இன்னும் உயிர் இருந்தால், கழற்றும் முன் சேமிப்பைக் கணினியில் பிரதி எடுங்கள். கழற்றியதும் அது அழிந்துவிடும்.

நம்ம ஊர் பனியும் ஈரமும் கேசட்டுக்குப் பெரிய எதிரி. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் லேபிளில் பூஞ்சணம் பிடிக்கும், பின்கள் கறுக்கும். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தையும் சேர்த்து உள்ளே தள்ளும். ஐசோப்ரொபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பின்களைத் துடைத்து, காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். லேபிளில் அல்ககோல் படக்கூடாது.

விலை பார்க்கும்போது இணையத்தில் கேட்கிற விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். கேசட் மட்டும், பெட்டியும் கையேடும் சேர்ந்தது, உறை பிரிக்காதது என மூன்றுக்கும் விலை தனித்தனி. லேபிளில் பேனையால் பெயர் எழுதியிருந்தால் குறையும். அப்புறம், வாங்குகிறவர்களும் பலகையின் இரு பக்கப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் காசை அனுப்பாதீர்கள்.