கியூ: சொல் விளக்கம்

ஆட்கள் நிற்கும் வரிசையைக் குறிக்கும் 'கியூ' (queue) என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து: கியூ, யு, ஈ, யு, ஈ. முதல் எழுத்து மட்டும்தான் மெய். மற்ற நான்கும் உயிர்கள், அதுவும் அடுத்தடுத்து. அவற்றை எடுத்துவிட்டு முதல் எழுத்தின் பெயரை மட்டும் சொன்னாலும் உச்சரிப்பு அதேதான். தமிழில் உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவே யகரமோ வகரமோ வந்துவிடும். பூ, அழகு சேர்ந்தால் பூவழகு. இப்படிப் பழகிய கண்ணுக்கு நான்கு உயிர்கள் ஒட்டி நிற்பது விநோதமாகத்தான் படும்.

ஆனால் அந்த நான்குக்கும் வேலை இருந்தது. சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ககர ஒலிக்குக் கியூ எழுத்தைப் போட்டால் கூடவே யு எழுதுவது மரபு. அடுத்து வரும் ஈ, யு இரண்டும் சேர்ந்து ஒரே உயிரொலி. கடைசி ஈ ஒலிக்காது. பெண்பாற் சொற்களின் இறுதியில் அடிக்கடி வருவது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'கே' என்று சொல்லிப் பாருங்கள், பிரெஞ்சு உச்சரிப்பு ஏறக்குறைய வந்துவிடும். ஆங்கிலம் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மாற்றிவிட்டது.

மூலப்பொருள் வால். லத்தீன் 'கௌடா'தான் வேர். பிரெஞ்சில் இன்றும் நாயின் வாலுக்கு இதே சொல். ஆங்கிலத்திலும் முதலில் குலச்சின்னங்களில் வரையும் விலங்கின் வாலைக் குறித்தது. அப்புறம் முதுகில் தொங்கும் ஆண்களின் பின்னல் சடை. ஆட்கள் நிற்கும் வரிசை என்ற பொருளில் 1837-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் ரொட்டிக் கடைகளின் முன் மக்கள் நின்றதைப் பற்றிய இடம் அது. பில்லியர்ட்ஸ் கோலின் பெயரும், இசையில் முடிவுப் பகுதியைக் குறிக்கும் 'கோடா'வும் அதே வேரிலிருந்து வந்தவை.

தமிழில் வரிசை போதும். "வரிசையில் நில்லுங்கள்" என்றால் புரியாதவர் இல்லை. எறும்புகளுக்குச் சொல்லும் சாரையும் அழகான சொல்தான், ஆனால் அதில் நகர்வு இருக்கிறது. நின்று காத்திருப்பதற்கு அது பொருந்தாது.

கணினியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏறுவரிசை, அகரவரிசை என்று ஒழுங்குமுறைக்கும் வரிசை என்றே சொல்கிறோம். முதலில் வந்தது முதலில் வெளியேறும் அமைப்பைக் குறிக்க 'காத்திருப்பு வரிசை' என்று எழுதினால் குழப்பம் வராது: "மூன்று கோப்புகள் அச்சுக் காத்திருப்பு வரிசையில் உள்ளன."