‘பங்களிப்பு அலட்சியம்’: யார் யாருக்கு அளித்த பங்கு?

எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா போன வருடம் சாலையைக் கடக்கும்போது கார் மோதிக் கால் உடைந்தது. எம்.சி.ஓ.பி. கேஸ், அதாவது வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு, நடக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரையைத் தமிழில் யாரோ ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி: ‘விபத்தில் மனுதாரரின் பங்களிப்பு அலட்சியம் உள்ளது.’ “பங்களிப்புன்னா கோயிலுக்குக் கொடுக்கிறதுதானே தம்பி? நான் யாருக்கு என்னத்தக் கொடுத்தேன்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தச் சொல்லை நான் எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மூலச் சொல் கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ். அடிபட்டவரும் தன் பங்குக்குக் கவனமில்லாமல் இருந்தார், அதுவும் விபத்துக்கு ஒரு காரணம் என்ற வாதம். 1809இல் இங்கிலாந்தில் நடந்த பட்டர்ஃபீல்டு வழக்கிலிருந்து இது வளர்ந்தது. ஒருவர் சாலையின் குறுக்கே கம்பு போட்டுவைத்தார். இன்னொருவர் அந்தி நேரத்தில் குதிரையை விரட்டி வந்து அதில் மோதினார். கவனமாக வந்திருந்தால் கம்பு கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லி, ஒரு காசும் கிடையாது என்றது நீதிமன்றம். 1945இல்தான் அங்கே சட்டம் மாறி, தவறின் அளவுக்கு மட்டும் தொகையைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து போன்ற சில மாநிலங்களில் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் தீர்ப்பாயங்கள் விகிதம்தான் போடுகின்றன. இழப்பீடு 10 லட்சம், நடந்து போனவர் மேல் 30 சதவீதத் தவறு என்றால் கையில் வருவது 7 லட்சம்.

இத்தனை பணம் தொங்கும் சொல்லைப் ‘பங்களிப்பு’ என்றால் எப்படி? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் பங்களிப்பு நல்ல காரியத்துக்கு ஆவது. விழாவுக்கு, இலக்கியத்துக்கு, ஊர்க் குளத்துக்குப் பங்களிக்கலாம். கால் உடைவதற்கு யாரும் பங்களிப்பதில்லை. ‘அலட்சியம்’ அதைவிட மோசம். தெரிந்தே மதிக்காமல் விடுவதுதான் அலட்சியம். பூக்கார அக்கா காரை மதிக்காமலா நடந்தார்? சட்டம் கேட்பது போதிய கவனம் இருந்ததா என்பதை மட்டுமே. நம் காவல் நிலைய எழுத்தர்கூட இதில் தேவலை. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று எழுதுவார். அஜாக்கிரதை வடமொழிதான், ஆனாலும் குறி தப்பவில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘பொச்சாப்பு’ என்றார். குறளில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மகிழ்ச்சி மயக்கத்தில் வரும் மறதி. எதிருரையில் ‘மனுதாரரின் பொச்சாப்பு’ என்று வந்தால் அக்கா வக்கீலை அடிக்கப் போய்விடுவார். ‘உடந்தைக் கவனக்குறைவு’ என்பதும் வேண்டாம். உடந்தை என்றாலே திருட்டு வாசம் அடிக்கிறது.

‘தன்பங்குக் கவனக்குறைவு’ என்பது என் தேர்வு. நீளம்தான், இருக்கட்டும். ‘என் பங்குக்கு நானும் தப்பு பண்ணிட்டேன்’ என்று நாம் பேசுவதிலிருந்தே வருகிறது. அக்காவிடம் “உங்க மேலயும் தப்பு இருக்குன்னு சொல்றாங்க” என்றேன். “அதை நிரூபிக்கட்டும்” என்றார். சரியான பதில்: நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர்களுடையது.

இதில் பெரிய ஆபத்து இன்னொன்று. சிலர் இதையே ‘கூட்டு அலட்சியம்’ என்று எழுதுகிறார்கள். கூட்டு என்பது கம்போசிட் நெக்லிஜென்ஸுக்கு உரியது: பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டு நடைபாதையில் நின்றவரை இடித்தால், தவறு அந்த இரண்டு ஓட்டுநர்களுடையது. அடிபட்டவர் முழுத் தொகையையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். 2015இல் உச்ச நீதிமன்றம் கேன்யெய் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஒன்றில் பணம் குறையும், மற்றதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர் எந்த மூலத்தைப் படித்தார் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.