காபி இயந்திரத்துக்குக் கண் இல்லை, எண்ணத்தான் தெரியும்

தானியங்கி எஸ்பிரெசோ இயந்திரம் அணைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சக்கைப் பெட்டியைக் கழுவி வைக்கிறீர்கள். பிறகு இரண்டு கோப்பை காபி எடுத்ததுமே ‘பெட்டி நிரம்பிவிட்டது’ என்று விளக்கு எரிகிறது. திறந்து பார்த்தால் இரண்டே சக்கை வில்லைகள் கிடக்கின்றன. இயந்திரம் கெட்டுவிட்டதென்று பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுகிறார்கள். கெடவில்லை. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில், பெட்டிக்குள் சக்கை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் உணரி கிடையாது. வடித்த கோப்பைகளை எண்ணுவதோடு சரி. இயந்திரம் ஓடும் நிலையில் பெட்டியை வெளியே எடுத்துச் சில விநாடிகள் கழித்து வைத்தால்தான் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். அணைத்துவிட்டு எடுத்தால் அதற்குத் தெரியாது. இதைவிட மோசம் தலைகீழாக நடப்பது: ஓடும்போது பெட்டியை எடுத்து, கொட்டாமலே திருப்பி வைத்தால் ‘காலி’ என்று நம்பிவிடும். சக்கை மேலேறி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் இந்த இயந்திரம் வைத்திருப்பவர்கள் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதைத்தான். விளக்குகளில் பல வெறும் கணக்கு. கணக்கு பிசகினால் விளக்கும் பிசகும்.

சுண்ணாம்புப் படிவு

‘படிவு நீக்கவும்’ என்று வரும் எச்சரிக்கையும் அப்படித்தான். குழாய்க்குள் எவ்வளவு படிந்திருக்கிறது என்று இயந்திரம் பார்ப்பதில்லை. உள்ளே ஓடிய தண்ணீரை ஒரு சிறு சுழல்மானி அளக்கிறது. நீங்கள் அமைப்பில் கொடுத்த நீர்க் கடினத்தன்மையோடு அதைச் சேர்த்து, இத்தனை லிட்டருக்கு ஒருமுறை என்று கணக்குப் போடுகிறது. கடினத்தன்மையைத் தவறாகக் கொடுத்திருந்தால் விளக்கு எரிவதற்குள் சூடேற்றி அடைத்தே போயிருக்கும். பெட்டியோடு வரும் சோதனைத் தாளைத் தண்ணீரில் ஒரு விநாடி நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, நிறம் மாறிய கட்டங்களை எண்ணி அமைப்பில் பதியுங்கள். பலர் அந்தத் தாளை உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவரில் ஒட்டுகிறது. வீட்டு இயந்திரங்களில் இருப்பது பெரிய கொதிகலன் அல்ல. உலோகக் கட்டிக்குள் வளைந்து செல்லும் குறுகிய பாதை. அதில் அரை மில்லிமீட்டர் படிந்தாலும் வெப்பம் தண்ணீருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. நீராவி உண்டாக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அதிலிருந்த உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். பால் நுரை அதிகம் போடும் வீடுகளில் விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

காபி மெல்லிய இழையாக, சொட்டுச் சொட்டாக வந்தால் காரணம் படிவா அல்லது அரைவையா? ஒரே சூடேற்றி உள்ள இயந்திரமென்றால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. வெறும் வெந்நீரைத் திறந்துவிடுங்கள். வெந்நீரும் மெலிந்து வந்தால் படிவு. வெந்நீர் தாராளமாக வந்து காபி மட்டும் சொட்டினால் அரைவை மிக நைசாக இருக்கிறது, அல்லது ப்ரூ யூனிட்டின் (தூளை அமுக்கிக் காபி வடிக்கும் பகுதி) சல்லடை அடைத்திருக்கிறது.

படிவு நீக்கத் தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தையே, சொன்ன அளவு தண்ணீரோடு கலந்து பயன்படுத்துங்கள். அவை பெரும்பாலும் லாக்டிக் அல்லது சல்ஃபாமிக் அமிலம் சார்ந்தவை. வினிகர் ரப்பர் வளையங்களைப் பாதிக்கும், வாசனையும் எளிதில் போகாது. சிட்ரிக் அமிலத்தைக் கெட்டியாகக் கலந்து சூடான பாதையில் விட்டால் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு படிவு உண்டாகலாம். ஒன்றை நீக்கப்போய் இன்னொன்றை வாங்கி வைப்பது அது. தொடங்குமுன் டேங்கில் உள்ள வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். முழுச் சுற்றுக்கும் அரை மணி நேரமாவது பிடிக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அமிலம் குழாயிலேயே நிற்கும், அலுமினியத்தை அரிக்கும். ‘ஊறட்டும்’ என்று இரவு முழுக்க விடுவதும் அதே தவறு.

சரி, உப்பு பெரும்பாலும் நீங்கிய ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் தொல்லை தீருமே என்று கேட்பார்கள். படிவு குறையும், உண்மை. ஆனால் காபி சப்பென்று இருக்கும். நீரின் மின்கடத்தலை வைத்து மட்டம் பார்க்கும் சில இயந்திரங்கள் டேங்க் நிறைந்திருந்தும் ‘தண்ணீர் இல்லை’ என்று அடம்பிடிக்கும். லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருந்தால் சுவைக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

டேங்க் வடிகட்டியின் ஆயுள் பொதுவாக இரண்டு மாதம் அல்லது சுமார் 50 லிட்டர். புதியதைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி நிற்கும்வரை பிடித்துவிட்டுப் பொருத்துங்கள். இல்லையென்றால் காற்று பம்ப்புக்குள் போய்ச் சிக்கும். சத்தம் பலமாகக் கேட்கும், தண்ணீர் வராது. அப்போது காபிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காமல் வெந்நீரைத் திறந்து அரை லிட்டர் ஓடவிடுங்கள். அதிர்வு வகைப் பம்ப் உலர்ந்து ஓடினால் சூடேறிக் கருகிவிடும்.

ப்ரூ யூனிட்

தூளை அமுக்கி, வெந்நீர் செலுத்தி, சக்கையை வில்லையாகத் தள்ளும் பகுதி இது. கழற்றக்கூடிய வகையென்றால் வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் கழுவி, ஈரம் காயவிட்டு மாட்டுங்கள். சோப்பு வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கண்டிப்பாக வேண்டாம்: மசகு கரைந்துபோகும், பிளாஸ்டிக் வளையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்டவாளங்களிலும் மேலே உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்திலும் உணவுத்தர சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும், வாசலின் ரப்பரை ஊதவைக்கும். ஓ-ரிங் உலர்ந்தாலோ தேய்ந்தாலோ கிறீச்சென்று சத்தம் வரும். அழுத்தம் நிற்காமல் தண்ணீர் பக்கவாட்டில் நழுவும், காபி நீர்த்து வரும், கீழ்த்தட்டு சீக்கிரம் நிரம்பும். (கீழ்த்தட்டில் தினமும் கொஞ்சம் தண்ணீர் சேர்வது கசிவு அல்ல. இயக்கும்போதும் அணைக்கும்போதும் நடக்கும் அலசல் நீரும் அழுத்தம் விடும் நீரும் அங்கேதான் போகும்.)

யூனிட் வெளியே வர மறுக்கிறதா? நடுவேலையில் யாரோ சுவர் ஸ்விட்சை அணைத்திருப்பார்கள், அது பாதி வழியில் நிற்கும். இழுக்காதீர்கள். மறுபடி இயக்கி, முன்பக்கப் பொத்தானால் அணைத்து, சத்தம் அடங்கியபின் கதவைத் திறந்தால் தானாக வரும். கழற்ற முடியாத வகையில் துப்புரவு மாத்திரை போட்டுச் சுத்தம் செய்வது மட்டுமே வழி. வாங்குமுன்னே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரை காபி எண்ணெய்ப் பிசுக்குக்கு, அது காரம். திரவம் சுண்ணாம்புக்கு, அது அமிலம். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது, இரண்டையும் சேர்த்துப் போடவும் கூடாது.

கொட்டையும் அரைவையும்

எண்ணெய் மினுங்கும், கறுப்பாக வறுத்த கொட்டைகள் கொட்டைப் பெட்டியின் சுவரில் ஒட்டிப் பாலம் கட்டும். அரைப்பான் வெறுமையாகச் சுற்றும், ‘கொட்டை இல்லை’ என்று எச்சரிக்கை வரும். தூள் போகும் பாதையும் எண்ணெயில் பிசுபிசுத்து அடைக்கும். சர்க்கரை பூசியவை, வாசனை சேர்த்தவை இன்னும் கெடுதல். கொட்டைப் பெட்டியில் தூளைக் கொட்டினால் அரைப்பானைப் பிரித்துத்தான் மீட்க வேண்டும். தூளுக்கென்று தனி வாய் இருந்தால் ஒரு கரண்டி மட்டும், அதுவும் சிக்கரி கலக்காதது. சிக்கரி நீரில் ஊறிப் பசையாகிச் சல்லடையை மூடிவிடும். உடனடிக் காபித் தூள் எந்த வாய்க்கும் ஆகாது.

அரைவையை நைசாக்குவதென்றால் அரைப்பான் சுற்றும்போதுதான் திருப்ப வேண்டும், அதுவும் ஒரு படி. பழைய தூள் வழியில் இருப்பதால் மாற்றம் இரண்டு மூன்று கோப்பை கழித்துத்தான் தெரியும். 8 முதல் 10 கிராம் தூளுக்கு 30 முதல் 40 மில்லி, 25 முதல் 30 விநாடி என்பது நல்ல தொடக்கம். வறண்ட கசப்பு வந்தால் கொஞ்சம் பெரிதாக்குங்கள், புளிப்பும் நீர்த்தன்மையும் வந்தால் நைசாக்குங்கள். இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியில் 15 பார் (அழுத்தத்தின் அலகு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம். வடிப்பதற்கு வேண்டியது சுமார் 9 பார். 1961-இல் ஃபேமா நிறுவனம் பம்ப் வைத்த ஈ61 இயந்திரத்தைக் கொண்டுவந்த காலம் தொட்டே அதுதான் அளவு.

பால்

இதில் மட்டும் சமரசம் கூடாது. பாலின் புரதம் காற்றுத் துளையில் காய்ந்துவிடும். அந்தத் துளை ஊசிமுனை அளவுதான், அடைத்தால் நுரை வராமல் சூடான பால் மட்டும் வரும். தானியங்கி அலசல் பல மாதிரிகளில் குழலின் முழு நீளத்தையும் தொடுவதில்லை. அன்றைய கடைசிக் கோப்பைக்குப் பின் பால் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவுங்கள். பால் குடுவை குளிர்பெட்டியில் இருக்கட்டும். நுரை வருவதற்கும் சுமார் 5 டிகிரி செல்சியஸில் குளிர்ந்த பாலே நல்லது.

சக்கைப் பெட்டியில் ஈரமும் சூடும் உணவும் ஒன்றாக இருக்கின்றன, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு நாள்கூடச் சக்கையை விட்டுவைக்காதீர்கள். சில நாள் வெளியூர் போவதென்றால் டேங்கைக் காலி செய்து, கொட்டையை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, ப்ரூ யூனிட்டைக் கழுவி வெளியே வைத்து, பக்கக் கதவைத் திறந்தே விட்டுப் போங்கள். திரும்பியதும் புதுத் தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசி, முதல் கோப்பையைக் கீழே ஊற்றிவிடுங்கள்.