ஆற்றங்கரையில் 30 கிலோமீட்டர்

"நல்ல காரியத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நேராகக் கேட்டுவிடலாமே, எதற்காக நாள் முழுக்க நடக்கிறீர்கள்?" நண்பர்களோடு ஆற்றங்கரைப் பாதையில் நடந்து நிதி திரட்டக் கிளம்பும் யாரையும் இந்தக் கேள்வி விடுவதில்லை. நியாயமான கேள்விதான். 30 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 40,000 காலடிகள். அந்தக் காலடிகள் எதுவும் ஒரு நோயாளிக்கு மருந்தாகவோ பசித்தவருக்குச் சோறாகவோ நேரடியாக மாறுவதில்லை. ஆனாலும் நடந்தால் தெரிந்தவர்கள் அந்தக் காரியத்துக்குப் பணம் தருகிறார்கள்.

கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டர் ஷாஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரைத்தான் எடுத்துக்கொண்டது. வலியும் உழைப்பும் கலந்த வழியில் நிதி திரட்டும்போது மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள். அதே காரியத்துக்குச் சுலபமான, ஜாலியான வழி என்றால் கை கொஞ்சம் சுருங்குகிறது. "நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஐஸ் தண்ணீரில் கையை முக்கிவைக்கச் சொல்லி, உண்மையான பணத்தை வைத்தும் சோதித்தார்கள். பட்ட பாடு, கொடுக்கும் செயலுக்கே ஒரு அர்த்தம் சேர்க்கிறது என்பது அவர்களின் விளக்கம். 'தியாகி விளைவு' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பூங்கா அமைப்பது போன்ற மகிழ்ச்சியான காரியத்தைவிட, மனிதத் துயரைத் துடைக்கும் காரியத்தில் இந்த விளைவு வலுவாக இருக்கிறது.

இன்னொரு ஆய்வும் நிதி திரட்டுவோருக்குப் பயன்படும். 2010 லண்டன் மாரத்தானில் ஓடி நிதி திரட்டியவர்களின் இணைய நன்கொடைப் பக்கங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒரு பக்கத்தில் அதுவரை வந்த நன்கொடைகளின் சராசரி 10 பவுண்ட் கூடினால், அடுத்து வருபவர் சுமார் இரண்டரை பவுண்ட் கூட்டிக் கொடுக்கிறார். அதனால், தாராளமாகக் கொடுக்கும் அத்தையையோ மாமாவையோ முதலில் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்கு லிங்க் அனுப்புங்கள்.

சரி, அந்த 40,000 காலடிகளை உடம்பு எப்படிச் சமாளிக்கிறது?

ஒவ்வொரு அடியிலும் ஊன்றிய கால் கம்புபோல நிற்க, உடம்பு அதன் மேல் வளைந்து ஏறி மறுபக்கம் இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வேகம் குறைந்து அது உயரமாகச் சேமிக்கப்படுகிறது. இறங்கும்போது அந்த உயரம் மறுபடி வேகமாகிறது. இப்படிக் கைமாறுவதால், நல்ல வேகத்தில் நடக்கும்போது இந்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்கிறது. மிச்சத்தைத்தான் தசைகள் போட வேண்டியிருக்கிறது. மணிக்கு நாலரை முதல் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ஆற்றல் செலவு மிகக் குறைவு. அதைவிட மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் செலவு கூடும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம் என்றால், பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறீர்கள். உடம்பு கொழுப்பையும் நன்றாக எரிக்கும். உடம்பு சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் சட்டென்று தீர்ந்துபோய் ஓட்டக்காரர்கள் துவண்டுவிடுவதுபோல நடப்பவருக்கு ஆவது அரிது.

கால் சதை தாங்கிவிடும். நடையை நிறுத்துவது பெரும்பாலும் தோல்.

கொப்புளம் என்பது மேல்தோல் தேய்ந்து வருவது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. வியர்வையில் ஈரமான தோலுக்குப் பிடிப்பு அதிகம். அது சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் போய்வருகிறது. இடையில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இழுபடுகின்றன. ஆயிரக்கணக்கான முறை இழுபட்டதும் மேல்தோலுக்கு உள்ளேயே ஓர் அடுக்கு பிய்ந்து, அந்த இடைவெளியில் நீர் வந்து நிரம்புகிறது. அதனால்தான் சாக்ஸை மாற்றி, பாதத்தை உலரவைப்பது இவ்வளவு பலன் தருகிறது. மருத்துவமனையில் ஒட்டும் மெல்லிய பேப்பர் டேப்பை, வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தில் முன்கூட்டியே ஒட்டுவதும் உதவும். பல நாள் ஓடி 250 கிலோமீட்டர் கடக்கும் ஓட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. பாதத்தில் ஓரிடத்தில் சூடு தெரியும்போதே நின்றுவிடுங்கள். நண்பர்கள் காத்திருப்பார்கள். நாள் போகப் போகப் பாதம் கொஞ்சம் வீங்கும் என்பதால், காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலையில் எதிரியாகிவிடும்.

ஆற்றங்கரைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நேர்க்கோடு 20 கிலோமீட்டர் என்றால் அதை நம்பாதீர்கள். நன்றாக வளைந்தோடும் ஆறு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ நீளும். வளைவில் மேல்நீர் வேகமாக வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. தரையோடு உராய்ந்து வேகம் குறைந்த அடிநீர் மண்ணைச் சுமந்துகொண்டு உள்கரைப் பக்கம் வருகிறது. வெளிக்கரை அரிக்கப்பட்டு, உள்கரையில் மணல் சேர்ந்து, வளைவு மேலும் வளைகிறது. தேநீரைக் கலக்கிவிட்டால் இலைத்தூள் கோப்பையின் அடியில் நடுவில் வந்து சேர்வதும் இதே காரணத்தால்தான் என்று 1926-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். இந்த வளைவுகளுக்கும் சேர்த்துத்தான் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கூட நடப்பவர்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான பகுதி. மூன்று பேர் பேசிக்கொண்டு நடந்தால், நடுவில் இருப்பவர் தெரியாமலே அரையடி பின்தங்குவார். கூட்டம் நெருங்கும்போது இந்த 'வி' வடிவம் தெளிவாகத் தெரிகிறது என்று 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வசதியாகிறது.

அதே 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 12 படகோட்டிகளை வைத்து ஒரு சோதனை வெளியானது. தனியாகத் துடுப்பு வலித்தபோதும் சேர்ந்து வலித்தபோதும் உழைப்பு ஒன்றுதான். முடித்தபின் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, எந்த அளவில் வலி தெரிகிறது என்று பார்த்தார்கள். சேர்ந்து செய்த நாளில் அவர்கள் தாங்கிய வலி கணிசமாக அதிகம். மூளையில் சுரந்து வலியைத் தணிக்கும் எண்டார்பின்களே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆய்வு சின்னதுதான். ஆனால் 25-வது கிலோமீட்டரில் நண்பர்களோடு இருந்தவர்களுக்கு அது ஆச்சரியம் தராது.

காலடிகளும் ஒன்றையொன்று தேடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் நடப்பவர்களின் அடிகள் சில நேரம் தானாகவே ஒரே தாளத்துக்கு வந்துவிடும். கை கோத்துக்கொண்டால் அது இன்னும் அடிக்கடி நடக்கிறது என்று 2007-இல் பள்ளி மாணவிகளிடம் நடத்திய சிறு ஆய்வு காட்டியது. கடைசிக் கிலோமீட்டர்களில் யாராவது பின்தங்கினால், "சீக்கிரம் வா" என்று கூப்பிட வேண்டாம். திரும்பிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.