உள்ளீட்டு வரிக் கடன்: யார் வாங்கிய கடன்?

மன்னார்குடியில் போர்வெல் குழாயும் பிவிசி சாமான்களும் விற்கும் கடைக்காரர் ஒருவர், சென்ற மாதம் 19-ஆம் தேதி மாலை கும்பகோணத்தில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மறுநாள் 3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, தாக்கல் செய்யக் கடைசி நாள். கையில், வியாபாரிகளுக்கென்று யாரோ தமிழில் அச்சடித்துக் கொடுத்த வழிகாட்டித் தாள். அதில் ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்: 'உங்கள் உள்ளீட்டு வரிக் கடனை உரிய காலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.'

"நான் பேங்கிலேயே கடன் வாங்குவதில்லை சார். இதற்கு வட்டி எவ்வளவு?" என்றார்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் என்று கணக்கில்லை. கேட்டவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

விஷயம் எளியது. அவர் 1,00,000 ரூபாய்க்குக் குழாய் எடுக்கிறார். வரி 18 சதவீதம், அதாவது 18,000 ரூபாயையும் சேர்த்துக் கொடுக்கிறார். அதையே 1,20,000-க்கு விற்று, வரியாக 21,600 வசூலிக்கிறார். அரசுக்கு அவர் பணமாகக் கட்ட வேண்டியது 3,600 மட்டும். வாங்கும்போதே கொடுத்த 18,000 அவர் கணக்கில் வைக்கப்பட்டு, கட்ட வேண்டியதில் கழிகிறது. அந்தப் பதினெட்டாயிரத்துக்குத்தான் ஆங்கிலத்தில் இன்புட் டாக்ஸ் கிரெடிட் என்று பெயர். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அது ஐடிசி.

கிரெடிட் என்பதன் வேர், நம்புவதைக் குறிக்கும் ஒரு லத்தீன் வினை. நம்பிக் கொடுத்தது என்ற பொருளில் கடனையும் அது குறிக்கும், கணக்கேட்டின் வரவுப் பக்கத்தையும் குறிக்கும். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டார். வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

தமிழில் கடன் என்பது, அதைச் சுமப்பவன் தீர்த்தாக வேண்டிய ஒன்று. காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன் எதை எடுத்தாலும் நாம் செய்ய வேண்டியது, நம்மிடமிருந்து போக வேண்டியது. குழாய்க்கடைக்காரரின் 18,000 அவர் ஏற்கெனவே கொடுத்து முடித்தது. அதற்குப் போய்க் கடன் என்று பெயர் வைத்தால், கொடுத்தவனைக் கொடுக்க வேண்டியவன் ஆக்கிவிடுகிறோம். போதாததற்கு, நம் பேச்சில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். வாசலில் நிற்பவன் யார், உள்ளே ஒளிந்திருப்பவன் யார் என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட சொல்லையா சட்டத்துக்குள் கொண்டுவந்து வைப்பது?

இதன் கூத்தைப் பார்க்க 180 நாள் விதிக்கு வர வேண்டும். சரக்கு விற்றவருக்கு விலையையும் வரியையும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால், எடுத்த ஐடிசியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதே தாளில் இது எப்படி வந்திருக்கிறது தெரியுமா? 'கடனுக்கு வாங்கிய பொருளுக்கான கடனை 180 நாட்களில் தீர்க்காவிட்டால் கடன் திரும்பப் பெறப்படும்.' மூன்று கடன். முதல் இரண்டும் உண்மையிலேயே கடன். மூன்றாவது அவருடைய சொந்தப் பணம். எந்தக் கடனை யார் யாருக்குத் தீர்ப்பது என்று, முப்பது வருடம் பேரேடு எழுதிய எனக்கே இரண்டு முறை படித்த பிறகுதான் பிடிபட்டது.

இத்தனைக்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு என்று பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்திலேயே உண்டு. மளிகைக் கடையில் 'பற்று எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லாத தெரு டெல்டாவில் ஏது? வரி வரவு என்றால் வேலை முடிந்தது.

ஆடிட்டர் நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. கடையின் ஏட்டில் ஐடிசி பற்றுப் பக்கத்தில்தானே நிற்கிறது, அதை வரவு என்பது எப்படி என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் உள்ள ஏடு, அரசு நம் பேரில் வைத்திருப்பது. வங்கிப் பாஸ் புத்தகம் மாதிரி. நாம் போட்ட பணம் வங்கியின் ஏட்டில் நம் பேருக்கு வரவு. பாஸ் புத்தகத்தில் யாரும் அதைக் கடன் என்று அச்சடிப்பதில்லை. இந்த ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கமும் வேண்டாம். குறுவை விதைக்கும் முன் தினமும் காலையில் மேட்டூர் அணையின் நீர்வரத்து, இருப்பு, வெளியேற்றம் மூன்றையும் பத்திரிகையில் பார்க்கிறவன் அவன். ஜிஎஸ்டி ஏட்டிலும் வந்தது, இருப்பது, போனது என்று அதே மூன்றுதான்.

வேறு சிலர் 'வரிச் சலுகை' என்று எழுதுகிறார்கள். ஐடிசி என்பது நிபந்தனைகளோடு சட்டம் தரும் சலுகையே என்று, ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த தமிழ்நாட்டு வாட் (மதிப்புக் கூட்டு வரி) சட்டம் பற்றிய ஜெயம் அண்ட் கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது உண்மை. அது அதன் தன்மையைப் பற்றிய தீர்ப்பு, பெயரைப் பற்றியது இல்லை. சலுகை என்றால் வரி விலக்கு, குறைந்த வரி எல்லாம் சேர்ந்து வந்து குழம்பும்.

இனி 'உள்ளீடு'. கணினியில் தட்டச்சு செய்வதற்கு அது இருக்கட்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு இரவெல்லாம் காத்துக் கிடந்தவர்களிடம், வாங்குவதற்கு உள்ளீடு என்று போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. கொள்முதல் வரி வரவு என்பேன். இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 1959-ஆம் ஆண்டு பொது விற்பனை வரிச் சட்டத்தின் 7ஏ பிரிவில் வாங்குபவர் மேல் விழுந்த வரியைத்தான் பழைய ஆட்கள் கொள்முதல் வரி என்பார்கள். கடை வாடகைக்குக் கொடுத்த வரியும் ஐடிசியில் சேரும், வாடகையைக் கொள்முதல் என்பது கொஞ்சம் இழுப்புதான். இருந்தாலும் அந்தச் சட்டம் போய்விட்டது. வாடகைக்காக எல்லோரையும் கணினி முன் உட்கார வைக்க வேண்டாம்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்கள் சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கைப் பார்க்கலாம். எதற்கெல்லாம் ஐடிசி கிடையாது என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(டி) பிரிவில் 'ஆலை அல்லது இயந்திரம்' என்றிருந்தது, விளக்கத்தில் 'ஆலையும் இயந்திரமும்' என்றிருந்தது. இரண்டும் ஒன்றில்லை என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நிதிச் சட்டம் அந்த 'அல்லது'வை 'உம்' ஆக்கி, 2017 ஜூலை 1 முதலே செல்லும் என்றது. ஓர் இடைச்சொல்லுக்காக அரசு எட்டு ஆண்டு பின்னால் போகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்துத் தெருக் கடை வரை நடந்து போய்க் கேட்கமாட்டார்கள்.

மன்னார்குடிக்காரர் கிளம்பியதும் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சு வியாபாரி வந்தார். விவசாயியிடம் வாங்கும் பஞ்சுக்கு, வாங்குகிற அவரே வரி கட்ட வேண்டும். அவரிடமும் அதே தாள் இருந்தது. ஆங்கிலத்தில் ரிவர்ஸ் சார்ஜ் எனப்படும் அந்த வரிக்கு, அதில் 'தலைகீழ் கட்டணம்' என்று போட்டிருந்தார்கள்.