உதை குறைந்தால் சத்தமும் குறையும் என்று யார் சொன்னது?

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, எல்லை தாண்டினால் சித்தூர், குப்பம் என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு கிடையாது. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் கேட்கவே வேண்டாம். ஓய்வு பெற்ற இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் துப்பாக்கிக்கு வந்துவிடும். பழைய த்ரீ-நாட்-த்ரீ ரைஃபிளின் குறி தப்பாது என்பார் ஒருவர். அதற்குப் பின் வந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் வலு வேறெதற்கும் வராது என்பார் இன்னொருவர். இளையவர்கள் பிறகு வந்த இன்சாஸ் ரைஃபிள் தோளில் உதைக்காது என்பார்கள், ஏ.கே. சேற்றில் கிடந்தாலும் சுடும் என்பார்கள். எல்லாம் கைபட அறிந்தவர்களின் பேச்சு, மதிப்புள்ள பேச்சு. ஆனால் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் தலையைச் சாய்த்து, வலது காதை எதிராளியின் பக்கம் திருப்பித்தான் கேட்பார்கள். இடது காது எப்போதோ போய்விட்டது. ஒப்பீட்டில் அந்தக் கணக்கு மட்டும் வருவதே இல்லை.

செவித்திறன் பரிசோதனை அறையில் இந்த மாதமும் அதே வரைபடங்கள்தான். 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காகப் போகும். 4000-இல் குழியில் விழுந்ததுபோல இறங்கும், அந்தச் சுருதி சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். 8000-இல் கொஞ்சம் மேலேறும். இடது காதில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். வலது தோளில் வைத்துச் சுடும்போது இடது காதுதான் குழல் முனையைப் பார்த்தபடி இருக்கிறது. வலது காதைத் தலை மறைத்துக்கொள்கிறது. இடது கைக்காரர்களுக்கு இது மாறி வரும். இந்த வரைபடத்தை, அதாவது ஆடியோகிராமைப் பார்த்தே எந்தத் தோளில் வைத்துச் சுட்டவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எரிச்சல் வருவது ஒரே ஒரு பேச்சில்தான். "எஸ்.எல்.ஆர்.னா காது போவும் சார், நான் இன்சாஸ்தான் அடிச்சேன், அது ஒண்ணும் பண்ணாது." உதை குறைவு, அதனால் சத்தமும் குறைவு என்று காரணமும் சொல்வார்கள். இதைப் படித்தவர்களும் சொல்கிறார்கள், பயிற்சி கொடுப்பவர்களும் சொல்கிறார்கள். ஆகவே பொறுமையாக ஒருமுறை பார்த்துவிடுவோம்.

தோளில் விழும் உதை, குண்டின் எடையையும் அது வெளியேறும் வேகத்தையும் பொறுத்தது. எஸ்.எல்.ஆரின் 7.62 மி.மீ. குண்டு ஏறத்தாழ 9.5 கிராம். இன்சாஸின் 5.56 மி.மீ. குண்டு ஏறத்தாழ 4 கிராம். அது சற்று வேகமாகவே போகிறது என்றாலும் எடை பாதிகூட இல்லை, அதனால் உதை குறைகிறது. இதுவரை நீங்கள் சொல்வது சரி. சத்தத்தின் கணக்கு வேறு. குண்டு குழலை விட்டு வெளியேறும் நொடியில் அதன் பின்னால் அடைபட்டிருந்த வாயு எவ்வளவு அழுத்தத்தோடு வெளியே பாய்கிறதோ, அதுதான் காதில் அறைகிறது. 5.56-இல் வெடிமருந்து குறைவுதான். ஆனால் துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் அறைக்குள் எழும் அழுத்தம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. குழல் குட்டையாக ஆக, வாயு விரிந்து தணிய இடம் கிடைக்காமல் அதிக அழுத்தத்தோடு வெளியே வரும். இன்சாஸ் குழல் 464 மி.மீ., ஏ.கே. 47 குழல் 415 மி.மீ., பழைய த்ரீ-நாட்-த்ரீ நாலாம் நம்பர் ரைஃபிளின் குழல் 640 மி.மீ. இதோடு, உதையைக் குறைக்க முனையில் மாட்டும் மசில் பிரேக் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடுகிறது. தோளுக்குச் சுகம், பக்கத்து லேனில் படுத்திருப்பவரின் காதுக்கு அடி.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். திடீர் வெடிச்சத்தத்துக்குப் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு 140 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு வைத்திருப்பது 120. ராணுவ ரைஃபிள்கள் எல்லாமே சுடுபவரின் காதருகே 150-ஐத் தாண்டும். 20 டெசிபல் கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு. எதில் இரண்டு டெசிபல் அதிகம், எதில் குறைவு என்று வாதிடுவதில் பயனில்லை, எல்லாமே வரம்புக்கு மேலே.

"பழகிடும்" என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரிய சத்தம் கேட்டால் இறுகிக் காக்கும் ஒரு குட்டித் தசை நடுக்காதில் உண்டு. அது இறுகி முடிப்பதற்குள் வெடிச்சத்தம் உள்ளே போய் வேலையை முடித்துவிடும். அடுத்த தடவை சத்தம் குறைவாகத் தெரிந்தால் காது பழகியதாக அர்த்தமில்லை. உட்காதில் ஒலியை உணரும் முடி போன்ற செல்கள் செத்திருக்கலாம், அவை மறுபடி முளைக்காது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பஞ்சு வேண்டாம், சிகரெட் ஃபில்டர் வேண்டாம், விரலும் வேண்டாம். நுரை அடைப்பானை, அதாவது ஃபோம் இயர்பிளக்கை, சுத்தமான விரல்களால் மடிப்பில்லாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த 30 விநாடியைத்தான். பிடிக்காமல் விட்டால் பாதி வெளியே வந்து நிற்கும், அது போட்டதற்குச் சமமில்லை. சரிபார்க்க, இரண்டு காதையும் உள்ளங்கையால் மூடித் திறங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் தெரிந்தால் அடைப்பு சரியில்லை, எடுத்து மறுபடி போடுங்கள். அழுக்கான நுரை விரியாது, தூக்கிப் போடுங்கள்.

ராணுவ ரைஃபிளுக்கு அதன்மேல், காதை வெளியிலிருந்து கிண்ணம்போல மூடும் இயர்மஃப்-உம் வேண்டும். ஏனென்றால் கன்னத்தைத் துப்பாக்கியின் பட்டில், அதாவது பின்கட்டையில், அழுத்தும்போது வலது பக்கக் கிண்ணம் விலகும். கண்ணாடியின் காம்பு, தொப்பியின் விளிம்பு, எது இடையில் வந்தாலும் சீல் போச்சு. பிளக் 33, மஃப் 25 டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் 58 என்று கூட்டாதீர்கள். பெரியதன்மேல் ஐந்து டெசிபல் போல சேரும், அவ்வளவுதான். லோட் ஆர்டருக்கு முன்பே இரண்டும் காதில் இருக்க வேண்டும். பக்கத்து லேனில் தோட்டா சிக்கி இடைவெளி விழுந்தால்கூடக் கழற்றக் கூடாது. பட் பார்ட்டியில், அதாவது இலக்குப் பலகைகளுக்கு அடியில் பள்ளத்தில், இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒலியைவிட வேகமாகத் தலைக்கு மேல் போகும் குண்டின் 'சட்' என்ற சத்தமே போதும். கூரையும் சுவரும் உள்ள ரேஞ்சில் எதிரொலி வேறு சேரும்.

என்.சி.சி. ஆசிரியர்களுக்குக் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பாயிண்ட் டூ-டூ சின்னத் துப்பாக்கிதானே என்று பிள்ளைகளை வெறுங்காதோடு படுக்க வைக்காதீர்கள். அதுவே 140-ஐ ஒட்டி வரும். ஒரு பிள்ளை சுடுவது ஐந்து ரவுண்டு என்றாலும் அக்கம்பக்கத்து லேன்கள் அத்தனையின் சத்தமும் அந்தக் காதில்தான் விழுகிறது.

சுட்டபின் காது அடைத்து, 'ங்கொய்' என்று இரைந்தால் இரண்டு நாள் எந்தப் பெரிய சத்தமும் வேண்டாம். டி.ஜே., மேளம், பட்டாசு எதுவும் கூடாது. காய்ச்சிய பூண்டு எண்ணெயை ஊற்றவே கூடாது. சவ்வு கிழிந்திருந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். மறுநாளும் கேட்காவிட்டால், அல்லது தலைசுற்றல், ரத்தக்கசிவு இருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பலன் இருப்பது ஆரம்ப நாட்களில்தான். ஒரு மாதம் கழித்து வந்து கேட்டால் கொடுப்பதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

வயதானவர்களின் வீட்டாருக்கு: "காதுல விழுது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பது இந்தப் பாதிப்பின் அடையாளம். ச, ஸ, த போன்ற ஒலிகள் முதலில் நழுவும். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நம் பக்கத்தில், மருமகளின் தெலுங்குதான் புரியவில்லை என்று பழியை மொழிமேல் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு வராமல் இருக்கிறார்கள். போனை எந்தக் காதில் வைக்கிறார் என்று பாருங்கள். ஒரே காதில்தான் என்றால் அழைத்து வாருங்கள். ஆடியோகிராம் இல்லாமல் கண்காட்சியில் விற்கும் ஒலிபெருக்கி மெஷினை வாங்கி மாட்டாதீர்கள், அது மிச்சமிருக்கும் காதையும் கெடுக்கும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருப்பவர்களுக்கு அந்த வழியாகவே செவித்துணைக்கருவி கிடைக்கும்.

இப்போது பணியில் இருப்பவர்கள் அடுத்த ஃபயரிங்குக்கு முன்பே ஒரு ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். ஓய்வு பெறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் மறுபடி கேட்டு வாங்குங்கள். இரண்டின் நகலையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகு ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், காது எப்போது எவ்வளவு போனது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்கள்தான்.