கழுவும் வேலைக்குப் பயந்து வண்ணத்தை ஒளிக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கு வரும் அம்மாக்களிடம், "வீட்டிலும் பிள்ளைக்குக் கொஞ்சம் வண்ணம் கொடுத்துப் பாருங்கள்" என்றால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஐயோ டீச்சர், சோபா, சுவர் எல்லாம் போயிடும்." தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை முடித்து வருகிறவருக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு வண்ணமே இல்லாமலும் தொடங்கலாம்.

ஒரு கிண்ணத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், அகலமான புதுப் பிரஷ் ஒன்று. சாயங்காலம் வாசல் சிமெண்ட் தரையில் உட்காரவைத்து, பக்கத்திலேயே இருங்கள். நனைந்த இடம் கறுக்கும். சற்று நேரத்தில் காய்ந்து மறையும். பிள்ளை திகைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி பூசும். பிரஷை முழுக் கையால் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து இழுக்கும். அந்த வயதுக்கு அதுதான் பிடி. விரலைத் திருத்த வேண்டாம். "என்ன வரைஞ்ச?" என்றும் கேட்க வேண்டாம். கை போன பக்கம் கோடு விழுகிறதே என்பதுதான் அதற்கு இப்போது பெரிய அதிசயம்.

அப்புறம் ஜிப் பை. மஞ்சளும் நீலமும் ஒவ்வொரு கரண்டி ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, மேசையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பிள்ளை அழுத்த அழுத்த நடுவில் பச்சை கிளம்பும், கையில் ஒரு துளி ஒட்டாது. முடிந்ததும் பையை உடனே எடுத்துவிடுங்கள். முகத்தை மூடினால் மூச்சடைக்கும்.

கையால் தொட்டுப் பூச வேண்டுமென்றால் வண்ணத்தை நீங்களே காய்ச்சுவது நல்லது. ஒரு கப் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி சோள மாவைக் கரைத்து, மெல்லிய தீயில் கூழ் பதம் வரும்வரை கிளறி, நன்றாக ஆறவிட்டு, கேக்குக்குப் போடும் நிறம் இரண்டு சொட்டு விடுங்கள். வாயில் வைத்தாலும் பயமில்லை. மாவை வேகவைக்காமல் குழைத்துக் கொடுக்காதீர்கள், பச்சை மாவில் கிருமி இருக்கலாம். பாட்டிமார் மஞ்சள்தூளைச் சொல்வார்கள். அழகான நிறம்தான், துணியில் பட்டால் லேசில் போகாது.

தட்டில் ஒரு கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள்; சிந்தினாலும் அவ்வளவுதான் சிந்தும். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடினால், சரி, விடுங்கள். அந்த வயதுக்கு அதுவே நிறைய நேரம்.

கடை வண்ணத்தில் நச்சில்லாதது என்று போட்டிருந்தாலும் அது தின்னும் பொருளல்ல. தீபாவளிக்கு வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கலாம். வளரும் மூளையை ஈயம் கெடுக்கும்.